வீட்டு வாசலில் சரக்கு வண்டிக்கு இன்ஜின் ஆயில் மாற்றுவது: செய்யலாமா, எப்படிச் செய்வது?

மலைச்சாலை (ஒட்டன்சத்திரம்):

என்னுடையது பிஎஸ் 4 (பழைய புகை மாசு விதி) காலத்து அசோக் லேலண்ட் தோஸ்த். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு தேனி, குமுளி வழியாகக் கேரளத்துக்குப் போகிறேன். உத்தரவாதக் காலம் முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் இன்ஜின் ஆயிலை வீட்டு வாசலிலேயே நானே மாற்றுகிறேன். கூலியில் மிச்சமாகும் பணம் பெரிதல்ல. எந்த ஆயில் உள்ளே போகிறது, எவ்வளவு போகிறது, பழையது முழுதாக வடிந்ததா என்பதெல்லாம் என் கண் முன்னால் நடக்க வேண்டும், அதற்காகத்தான் செய்கிறேன். கூட்டம் நிற்கிற பட்டறைகளில் கொஞ்ச நேரம் வடியவிட்டு போல்ட்டை மூடிவிடுகிறார்கள். ஃபில்டரை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

நான் செய்யும் முறையை எழுதுகிறேன். பிழை இருந்தால் அனுபவசாலிகள் திருத்துங்கள்.

லோடு இறக்கி வந்த சூட்டோடு கை வைப்பதில்லை. அந்தச் சூட்டில் ஆயில் பட்டால் தோல் வெந்துவிடும். முழுதாக ஆறிவிட்டாலோ ஆயில் கெட்டியாகி மெதுவாக இறங்கும், கசடு சேம்பரின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அடியிலேயே தங்கிவிடும். சேம்பரைத் தொட்டால் கை தாங்குகிற சூடு இருக்கும்போது தொடங்குகிறேன். வண்டி சமதரையில், கியரில் நிற்க வேண்டும். கைப்பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுக்க வேண்டும். சரக்கு இல்லாதபோது தரைக்கும் வண்டிக்கும் போதிய இடைவெளி இருப்பதால் நான் ஜாக்கியே வைப்பதில்லை.

மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு, டிரெயின் போல்ட்டை ரிங் ஸ்பேனரால் தளர்த்துகிறேன். ஓப்பன் ஸ்பேனர் நழுவினால் போல்ட்டின் முனைகள் மழுங்கிவிடும். கடைசிச் சுற்றுகளை விரலால் கழற்றும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, மரை விடுபட்டதும் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் கையில் ஆயில் வழியாது. பிறகு அரை மணி நேரம் அதைத் தொடுவதே இல்லை. அந்த அரை மணியில்தான் டார்ச் அடித்து வண்டியின் அடிப்பாகம் முழுவதையும் பார்க்கிறேன்: ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் பைப், ஸ்பிரிங் பட்டை, ஷாஃப்ட் ஜாயின்ட் எல்லாம். பட்டறையில் விட்டிருந்தால் இவற்றை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

ஃபில்டரைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது அதன் ரப்பர் வளையத்தை. பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய ஃபில்டரைத் திருகிவிட்டால், ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் அழுத்தம் தாங்காமல் ஆயில் முழுதும் வெளியே கொட்டிவிடும். புதிய வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று இறுக்குகிறேன். பெரும்பாலான ஃபில்டர்களில் இந்த அளவை உடம்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். டிரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புதிய வாஷர்.

கையேடு சொல்லும் அளவைவிடச் சற்றுக் குறைவாக ஊற்றி, ஆயில் அளவு காட்டும் கேஜ் கம்பியைப் பார்த்துப் பார்த்து நிரப்புகிறேன். ஸ்டார்ட் செய்து ஆயில் விளக்கு அணைந்ததும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஓடவிட்டு, அடியில் கசிவு பார்த்து, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் அளவு பார்க்கிறேன்.

எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சிஐ-4 பிளஸ் தரத்தில் 15டபிள்யூ-40 ஊற்றிவருகிறேன். கடையில் சிகே-4 என்ற புதிய தரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மாறலாமா? வடித்த ஆயில் கேன் கேனாகப் பின்கட்டில் சேர்ந்துகிடக்கிறது. அதை என்ன செய்வது?

பட்டறைக்காரர் (நாமக்கல்):

தம்பி, எழுதிய முறை சரிதான். ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்குக் காலையில் வண்டிக்கு அடியில் நுழையப்போகிறவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். நீங்கள் ஜாக்கி இல்லாமல் நுழைகிறீர்கள். எல்லா வண்டியும் அப்படி இல்லை. ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில், அந்த ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் தலையை நுழைக்காதீர்கள். ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் சுவருக்கானது. ஒரே புள்ளியில் பாரம் இறங்கினால் எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வையுங்கள், அல்லது தண்டவாளக் கட்டை மாதிரி கனமான மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். தரை மண்ணாக இருந்தால் ஸ்டாண்டின் கால் புதையும்; கீழே கனமான பலகை போட வேண்டும்.

இரண்டாவது, போல்ட் இறுக்கம். அலுமினிய சேம்பர் வைத்த வண்டிகள் நிறைய வந்துவிட்டன. போல்ட் இரும்பு, சேம்பர் அலுமினியம். கசியக் கூடாது என்று நீளமான குழாயை ஸ்பேனரில் செருகி முழு பலத்தையும் கொடுத்தால் மரை போய்விடும். வீட்டில் செய்து மரையைக் கெடுத்துவிட்டு எங்களிடம் வருகிறவர்கள் குறைவில்லை. சிறு வண்டிகளில் பெரும்பாலும் 30 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள்தான் இறுக்கம் கேட்பார்கள்; உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர், வாங்க மனமில்லாதவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

பட்டறையில் சீக்கிரம் மூடிவிடுகிறார்கள் என்றீர்கள். அப்படிப்பட்ட பட்டறைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அதற்கு வழி, ஆயிலை நீங்களே வாங்கிக்கொண்டு வந்து வேலை முடியும் வரை பக்கத்தில் நிற்பது. நல்ல மெக்கானிக் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்கள் டார்ச் அடித்துப் பார்ப்பதைவிட எங்கள் கண்ணுக்கு அதிகம் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீல் பேரிங் சத்தத்தையும் ஸ்டியரிங் ஆட்டத்தையும் படுத்துக்கொண்டு பார்த்து அறிய முடியாது.

பத்துச்சக்கரம் (சங்ககிரி):

எங்கள் வண்டிகளில் ஒரு தடவைக்கு இருபது லிட்டருக்கு மேல் ஆயில் போகும். வீட்டு வாசலில் நடக்கிற காரியமே இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் பள்ளம் கட்டி வைத்திருக்கிறோம், ஆட்கள் நின்றுகொண்டே வேலை செய்வார்கள். சிறு வண்டிக்காரர்கள் தாங்களே செய்துகொள்வதில் எனக்கு மறுப்பில்லை. எந்தத் தேதியில், எந்தக் கிலோமீட்டரில், எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்று ஒரு நோட்டில் எழுதி, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் வாங்கிய பில்லை அதோடு சேர்த்துப் பின் அடித்துவையுங்கள். வண்டியை விற்கும்போது அந்த நோட்டைப் பார்த்து விலை கூட்டித் தருகிறவர்கள் உண்டு. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியை மட்டும் வீட்டில் தொடவே தொடாதீர்கள். நாளை இன்ஜினில் ஏதாவது கோளாறு என்று போய் நின்றால் முதலில் சர்வீஸ் பதிவைத்தான் கேட்பார்கள்.

மலைச்சாலை (ஒட்டன்சத்திரம்):

பட்டறைக்காரர் ஐயாவுக்கு நன்றி. ஹாலோ பிளாக் எச்சரிக்கையை முதல் பதிவிலேயே நான் சேர்த்திருக்க வேண்டும். எங்கள் தெருவிலும் அந்தப் பழக்கம் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. மெக்கானிக்கின் கண்ணுக்கு அதிகம் தெரியும் என்பது உண்மை. ஆனால் அவர் என் வண்டியைப் பார்ப்பது எப்போதோ ஒரு நாள். நான் அதிலேயே வாழ்கிறேன். ஹோஸில் போன தடவை இல்லாத ஈரம் இந்தத் தடவை இருக்கிறது என்றால் அது எனக்குத்தான் தெரியும். மலைப்பாதையில் நடு இரவில் தக்காளியோடு நின்றுவிட்டால் வாடகை மட்டும் போகாது, சரக்கும் போகும். அதனால் ஆயில் மாற்றும் நாளைச் சோதனை நாளாகவும் வைத்திருக்கிறேன். வீல் பேரிங், ஸ்டியரிங் எல்லாம் வழக்கம்போலப் பட்டறையில்தான்.

நார்க்கயிறு (பொள்ளாச்சி):

நாங்கள் சிறிய கயிறு தொழிலகம் நடத்துகிறோம். குட்டி யானை ஒன்று இருக்கிறது, நானேதான் ஓட்டுகிறேன். ஆலைக்கும் குடோனுக்கும் இடையே ஓட்டம், தூரம் குறைவு, நாள் முழுக்க நின்று நின்று போகும். ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கேஜ் கம்பியில் கன்னங்கரேலென்று தெரிகிறது. ஆயில் கெட்டுவிட்டது என்கிறார்கள். கிலோமீட்டர் கணக்குப்படி மாற்ற இன்னும் வெகு தூரம் இருக்கிறது. எதை நம்புவது, அண்ணா?

பட்டறைக்காரர் (நாமக்கல்):

சகோதரி, டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பது ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளம். டீசல் எரியும்போது உண்டாகும் கரி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் கீழே வரும். அந்தக் கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் மிதக்க வைப்பதற்காகவே ஆயிலில் மருந்து சேர்க்கிறார்கள். ஆயில் கறுக்கவில்லை என்றால்தான், கரி எங்கே படிகிறது என்று கவலைப்பட வேண்டும். மாற்றும்போது எவ்வளவு வடித்தாலும் உள்ளே கொஞ்சம் பழைய ஆயில் தங்கும். புதியதைக் கறுப்பாக்க அதுவே போதும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து ஆயிலின் ஆயுளைச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

நிறத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டிய நேரமும் உண்டு. மோர் கலந்ததுபோல வெளுத்திருந்தால் கூலன்ட் கலக்கிறது. வண்டியை ஓட்டக் கூடாது. மூடியின் உட்புறத்தில் மட்டும் லேசாக வெளுப்பு இருந்து கேஜ் கம்பியில் இல்லை என்றால், குறைந்த தூரம் ஓடும் வண்டியில் நீராவி படிந்ததாக இருக்கலாம். உங்கள் வண்டியில் அது வர வாய்ப்பு அதிகம். ஏனென்றால் இன்ஜின் நன்றாகச் சூடேறி அந்த ஈரத்தைப் போக்கும் அளவுக்கு உங்களுக்கு ஓட்டம் இல்லை.

அதனால்தான் உங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. கையேட்டில் இரண்டு அளவு போட்டிருப்பார்கள்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முன்னால் வருகிறதோ அது. குறைந்த தூர ஓட்டம், தூசி, அதிக பாரம், மலை ஏற்றம் ஆகியவற்றைக் கடுமையான பயன்பாடு என்று தனியாகக் குறித்து இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு அதில் இரண்டு பொருந்துகிறது. மாதக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆயிலைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது ஏர் ஃபில்டர். நார்த்தூசி அதை அடைத்துவிடும். அடைத்த ஃபில்டரைத் தட்டித் தட்டிப் பயன்படுத்தினால் தாள் கிழிந்து மண்தூசி நேராக சிலிண்டருக்குள் போகும். பெரிய லாரி உரிமையாளர்கள் பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கும்போது சிலிக்கான் (மண்தூசியின் அடையாளம்) அதிகம் என்று அறிக்கை வந்தால், ஆயிலைக் குறை சொல்வதற்கு முன் காற்று வரும் பாதையைத்தான் சோதிப்பார்கள்.

பத்துச்சக்கரம் (சங்ககிரி):

ஐயா சொன்னது சரி. எங்கள் வண்டி ஒன்றில் சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறியிருந்தன. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருந்த ஹோஸில் கிளிப் தளர்ந்து தூசி உள்ளே போய்க்கொண்டிருந்தது. செம்போ ஈயமோ ஏறினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஆய்வகம் இல்லாவிட்டாலும், காந்தம் வைத்த டிரெயின் போல்ட் போட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். நகத்தில் உறுத்துகிற சில்லு இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மலைச்சாலை (ஒட்டன்சத்திரம்):

என் முதல் கேள்வியை யாரும் தொடவில்லையே. சிகே-4 பற்றி?

பட்டறைக்காரர் (நாமக்கல்):

மறக்கவில்லை தம்பி.

டப்பாவில் இரண்டு விஷயங்கள் எழுதியிருக்கும். ஒன்று கனம், அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை; இன்னொன்று தரம். 15டபிள்யூ-40 என்பது கனம். முன்னால் இருக்கும் 15டபிள்யூ, குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. அதற்கான சோதனையே பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியிலும் 25 டிகிரியிலும்தான் நடக்கிறது. குமுளியில் எவ்வளவு குளிர் அடித்தாலும் உங்களுக்கு அந்தக் கவலை வராது. பின்னால் இருக்கும் 40, இன்ஜின் சூட்டில், அதாவது 100 டிகிரியில், ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதன் அளவு. பாரத்தோடு மலையேறும் வண்டிக்குப் பேரிங்கைக் காப்பாற்றுவது அதுதான்.

தரம் என்பது ஏபிஐ எனும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் தரும் எழுத்துகள். சிஎச்-4 1998இல் வந்தது, சிஐ-4 2002இல், சிஜே-4 2006இல், சிகே-4 2016 கடைசியில். சிஜே-4 முதல் ஆயிலில் சாம்பல் தரும் பொருள்களுக்கு 1 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். புகைக்குழாயில் துகள் வடிகட்டி வந்துவிட்டது. ஆயில் எரிந்து உண்டாகும் சாம்பல் அந்த வடிகட்டியை அடைத்துவிடும். கரி எரிந்து போய்விடும், சாம்பல் போகாது.

சாம்பலைக் குறைத்ததால் அமிலத்தை முறிக்கும் காரச் சேர்மானமும் பொதுவாகக் குறைந்தது. டீசலில் கந்தகம் அதிகமாக இருந்த காலத்தில் இது பெரிய விஷயம். பிஎஸ் 3 டீசலில் 350 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 350 பங்கு), பிஎஸ் 4இல் 50, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைக்கும் பிஎஸ் 6 டீசலில் 10. பழைய வண்டியாக இருந்தாலும் இன்றைக்கு அது குடிப்பது பத்து பிபிஎம் டீசலைத்தான். ஆகவே உங்கள் வண்டிக்கு சிகே-4 கெடுதல் செய்யாது. முந்தைய சி வரிசைத் தரங்களின் இடத்தில் பயன்படுத்தும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் கையேடு சிஐ-4 பிளஸ் போதும் என்றால் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த வித்தியாசப் பணத்தில் நல்ல ஃபில்டர் வாங்குங்கள். மலிவு ஃபில்டரில் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு சீக்கிரம் விறைத்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் வந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

எஃப்ஏ-4 என்று எழுதிய டப்பாவை மட்டும் தொடாதீர்கள். அது மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்த இன்ஜின்களுக்கானது. பழைய இன்ஜினுக்கு ஆகாது.

புதுவண்டி (தஞ்சாவூர்):

என் பிக்கப் பிஎஸ் 6, துகள் வடிகட்டி வைத்தது. ஆயில் அளவு குறையாமல் மெல்ல ஏறுகிறது. கேஜ் கம்பியில் மேல் கோட்டைத் தாண்டிவிட்டது. கூலன்ட் குறையவில்லை, ஆயில் வெளுக்கவும் இல்லை. ஆயில் குடிக்காத நல்ல இன்ஜின் என்று நண்பர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பட்டறைக்காரர் (நாமக்கல்):

உங்கள் மனம் சொல்வதே சரி. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க வண்டி அவ்வப்போது கூடுதல் டீசலைத் தெளிக்கும். ஊருக்குள்ளேயே ஓடி, அந்த எரிப்பு முடிவதற்கு முன்பே இன்ஜினை நிறுத்திக்கொண்டே இருந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து சேம்பருக்குள் இறங்கும். கம்பியை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடிக்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குக்குப் பாதுகாப்பு போய்விடும். அளவு மிக அதிகமானால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் எகிறும் ஆபத்தும் இருக்கிறது. கொஞ்சம் வடித்து அளவைச் சரிசெய்வது தீர்வாகாது. முழுதாக மாற்றுங்கள், இன்ஜெக்டரையும் சர்வீஸ் நிலையத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். உத்தரவாதம் இருந்தால் இன்றைக்கே அங்கே கொண்டுபோய் விடுங்கள். பிறகு அவ்வப்போது தஞ்சாவூர், திருச்சி நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடவிடுங்கள்.

கிணற்றடி (ஆனைமலை):

நான் லாரிக்காரன் இல்லை, தென்னை விவசாயி. இந்த உரையாடலில் ஆயில் உள்ளே போவதைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள். வெளியே வந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மலைச்சாலை கேட்ட இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கிறது.

எங்கள் பக்கத்தில் வடித்த ஆயிலை வேலியோரம் ஊற்றுகிறார்கள். கரையான் வராது என்கிறார்கள். காண்டாமிருக வண்டுக்கு என்று தென்னங்குருத்தில் விடுகிறார்கள், மாட்டுப் புண்ணில் தடவுகிறார்கள். ஓடிய ஆயிலில் துத்தநாகமும் தேய்ந்த உலோகத் துகளும் இருக்கின்றன. எரிந்த எரிபொருளிலிருந்து சேரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் இருக்கின்றன. சோதனைக்கூட எலிகளின் தோலில் தொடர்ந்து தடவிப் பார்த்தபோது புற்றுக்கட்டி வந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் மாட்டின் புண்ணில் வைக்கிறார்கள்.

ஒரு தடவை வடிக்கும் ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. எங்கள் கிணறுகளில் கோடையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் மாற்றுவேன் என்கிறவர் அந்தக் கேன் எங்கே போகும் என்பதைத் தீர்மானித்துவிட்டு போல்ட்டில் கை வைக்கட்டும்.

சென்ட்ரிங் பலகை (கரூர்):

கட்டட வேலை எங்களுடையது. எங்களுக்கு அந்த ஆயில் கழிவு அல்ல, கான்கிரீட் ஒட்டாமல் இருக்கப் பலகையில் தடவும் பொருள். ஊர் ஊராக எல்லோரும் அதைத்தான் தடவுகிறார்கள். பட்டறையில் காசு கொடுத்து வாங்குகிறோம், கீழே ஊற்றுவதில்லை. இதில் என்ன தவறு?

கிணற்றடி (ஆனைமலை):

ஐயா, உங்கள் தொழிலைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை வெறுங்கையால் தடவுகிறவர்கள் யார்? சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள். நாள் முழுக்கக் கையிலும் புடவையிலும் அதோடு இருக்கிறார்கள். மழை பெய்தால் பலகையிலிருந்து கழுவிக்கொண்டு அது மண்ணுக்குத்தான் போகிறது. மேற்கூரையில் கறுப்புக் கறை படிந்து பூச்சு சரியாகப் பிடிக்காமல் போவதை உங்கள் மேஸ்திரிகளே சொல்லியிருப்பார்கள். பலகைக்கென்றே தயாரித்த ஆயில் கடையில் கிடைக்கிறது.

சென்ட்ரிங் பலகை (கரூர்):

கறை படிவது உண்மை. கையுறை விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அதை நாளையே செய்யலாம். கடை ஆயில் விலை கூடுதல். ஒப்பந்தத் தொகையில் அதற்கு இடம் வைத்தால்தான் முடியும். வீட்டுக்காரர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பத்துச்சக்கரம் (சங்ககிரி):

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகளின் கீழ் பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் அது போக வேண்டும். 2023இல் திருத்தம் கொண்டுவந்து, ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயிலைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எங்களிடம் பீப்பாய்க் கணக்கில் சேர்வதால் அங்கீகாரம் பெற்றவர்கள் வண்டியோடு வந்து எடுக்கிறார்கள். வீட்டில் இரண்டு கேன் வைத்திருப்பவரைத் தேடி யாரும் வர மாட்டார்கள். அந்த இடத்தில்தான் இந்த ஏற்பாடு இன்னும் எட்டவில்லை. பெட்ரோல் பங்குகளில் ஆயில் விற்கிறார்கள், திரும்ப வாங்கவும் ஒரு பீப்பாய் வைக்கலாமே என்று எனக்கு வெகுநாள் ஆதங்கம்.

செங்கல் சூளைக்கு விற்பவர்களையும் பார்க்கிறேன். விலை கூட்டித் தருகிறார்கள் என்பதற்காக அங்கே கொடுத்தால் அது அடுப்பில் எரிந்து ஊர் மூச்சில் கலக்கும். கொடுக்காதீர்கள்.

பட்டறைக்காரர் (நாமக்கல்):

மலைச்சாலை தம்பி, உங்கள் ஊரில் ஃபில்டர் வாங்கும் கடையிலோ பெரிய பட்டறையிலோ கேளுங்கள். பீப்பாய் வைத்து முறையாக ஆயில் சேர்க்கும் பட்டறை பல ஊர்களில் இருக்கும். அதைப் பிறகு யார் எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நான் என் பட்டறையில் அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் கேனை வாங்கிக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு: ஆயில் மட்டும் இருக்க வேண்டும். கூலன்ட், பிரேக் ஆயில், தின்னர், தண்ணீர் எதுவும் கலந்திருக்கக் கூடாது. கலந்தால் ஒரு பீப்பாய் முழுவதும் மறுசுழற்சிக்கு ஆகாமல் போகிறது. பழைய ஃபில்டரை ஓர் இரவு முழுக்கக் கவிழ்த்துவைத்து வடித்துவிட்டுக் கொண்டுவாருங்கள்; அதற்குள்ளேயும் கணிசமாக ஆயில் நிற்கும். துடைத்த பனியன் வேஸ்ட்டைத் தனிப் பையில் கட்டுங்கள், அடுப்பு பற்றவைக்க எடுக்காதீர்கள். ஈரமான ஆயில் துணியைக் குவியலாகப் போட்டு வைப்பதும் வேண்டாம்.

நார்க்கயிறு (பொள்ளாச்சி):

காலி டப்பாவை என்ன செய்வது? பழைய சாமான் வாங்குகிறவர் ஆயில் டப்பாவுக்கு மட்டும் தனி விலை தருகிறார். ஏன் என்று புரியவில்லை.

பத்துச்சக்கரம் (சங்ககிரி):

சகோதரி, அப்படியே கொடுத்துவிடாதீர்கள். பிரபல நிறுவனங்களின் காலி டப்பா போலி ஆயில் அடைப்பவர்களுக்கு வேண்டும். பழைய ஆயிலை வடிகட்டி, நிறம் ஏற்றி, அதே டப்பாவில் ஊற்றி, மூடியை ஒட்டி விற்கிறார்கள். முழுதாக வடித்த பிறகு டப்பாவின் உடம்பில் ஆணியால் இரண்டு மூன்று இடத்தில் துளை போட்டு, லேபிளைக் கிழித்து, பிறகு கொடுங்கள். வாங்கும்போது நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் அல்லது பங்கில் பில்லோடு வாங்குங்கள். மூடியின் வளையம் முறியாமல் இருக்கிறதா, அடியில் அச்சான தேதியும் லேபிளில் இருப்பதும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தை விலையைவிட மிகவும் குறைத்துத் தருகிறார் என்றால் அதை வாங்கவே கூடாது.

மலைச்சாலை (ஒட்டன்சத்திரம்):

இன்று காலை பின்கட்டில் இருந்த கேன்களை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊரிலேயே பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் பீப்பாய் வைத்திருக்கிறார்கள். எடுக்க வருபவரின் அங்கீகாரச் சான்றின் நகலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். காசு வாங்கவில்லை, தரவும் இல்லை. ஆயிலை சிஐ-4 பிளஸ்ஸிலேயே வைத்துக்கொள்கிறேன். ஃபில்டரை மட்டும் வண்டி நிறுவனத்தின் அசல் ஃபில்டராக மாற்றிவிட்டேன். கிணற்றடி ஐயாவுக்குத் தனியாக நன்றி. என் வீட்டுக் கிணறு அந்தக் கேன்கள் இருந்த இடத்திலிருந்து எட்டடி தூரம்கூட இல்லை.

நார்க்கயிறு (பொள்ளாச்சி):

நானும் இந்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகச் செய்யப்போகிறேன். தரை சிமென்ட், தம்பி கூடவே நிற்பான், பீப்பாய் வைத்திருக்கும் பட்டறையையும் விசாரித்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். மாற்றி முடித்த மறுநாள் டிரெயின் போல்ட்டுக்குக் கீழே ஒரு சொட்டு நின்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?

பட்டறைக்காரர் (நாமக்கல்):

இறுக்கக் கூடாது. முதலில் துணியால் நன்றாகத் துடைத்து, கீழே அட்டை விரித்து வையுங்கள். வடிக்கும்போது சேம்பரின் விளிம்பில் ஒதுங்கிய ஆயில் ஒரு நாள் கழித்துச் சொட்டுவது உண்டு. துடைத்த பிறகும் அதே இடத்தில் சொட்டு வந்தால், அது ஃபில்டர் பக்கமிருந்து வழிந்து வருகிறதா என்று மேலே பாருங்கள். போல்ட்டிலிருந்துதான் என்றால் வாஷர் சரியாக உட்காரவில்லை, அல்லது பழைய வாஷர் போல்ட்டிலேயே ஒட்டியிருக்க அதன் மேல் புதியது ஏறியிருக்கிறது. திரும்ப வடித்து, சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, வாஷரை மாற்றி, அதே ஆயிலை ஊற்றிக்கொள்ளலாம். ஆயில் பிடிக்கும் பேசினை முந்தின நாளே சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

நார்க்கயிறு (பொள்ளாச்சி):

சரி அண்ணா. வாஷர் இரண்டாக வாங்கி வைக்கிறேன்.